‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று வாங்கிய தக்காளி ஏன் சுருண்டது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது பெங்களூர் கே.ஆர்.புரத்தில். கோலார் மாவட்டத்து மாலூருக்குப் பக்கத்தில் உங்கள் மாமனார் இரண்டு ஏக்கரில் தக்காளி வைக்கிறார். இந்தமுறை ‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட வீரிய ஒட்டு’ என்று அச்சிட்ட பாக்கெட்டை நல்ல விலை கொடுத்து நீங்களே வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனாலும் பாதிச் செடி சுருண்டு, குட்டையாகி நின்றுவிட்டது. விதை போலியா என்று கேட்கிறீர்கள். நாட்டுத் தக்காளிக்கு இந்த நோயெல்லாம் வந்ததே இல்லை, வீரிய ஒட்டு வந்த பிறகுதான் வந்தது என்று மாமனார் சொல்கிறார், அது சரியா என்றும் கேட்கிறீர்கள். பூச்சிமருந்துக் கடையில் நான்கு புட்டிகளைச் சேர்த்துக் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக, தப்பிய செடிகளின் பழத்திலிருந்து விதை எடுத்து வைக்கலாமா என்பது.

காய்கறி ரகங்களை உருவாக்கும் வேலையிலேயே பெங்களூரில் என் காலம் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விதை போலியாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் எனக்கு அது முதல் சந்தேகம் அல்ல. பாக்கெட்டில் எந்த நோயின் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘நோய் எதிர்ப்பு’ என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் அதற்கு மதிப்பே கிடையாது. எல்லா நோயையும் எதிர்க்கும் தக்காளி உலகத்தில் எங்கும் இல்லை. குறிப்பிட்ட நோய்க்கு, சில சமயம் அந்த நோயின் குறிப்பிட்ட வகைக்கு மட்டும்தான் எதிர்ப்பு உண்டு.

உங்கள் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 2010 வாக்கில் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டைக் கோலார், ஓசூர் வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. ஒரே செடியில் 19 கிலோ காய்த்தது என்று செய்தித்தாள்களில் வந்ததும் அதுதான். (அந்த 19 கிலோவை மனத்தில் வைத்து வரவு செலவு போடாதீர்கள். நன்றாகப் பராமரித்த ஒரு தனிச் செடியின் கணக்கு அது, ஏக்கர் கணக்கு வேறு.) அது மூன்று நோய்களைத் தாங்குகிறது: இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல். மூன்றை ஒரே செடியில் சேர்த்தது பெரிய வேலை. ஆனால் குளிரும் தூறலுமாக இருக்கும் நாட்களில் வரும் பின்பருவ இலைக்கருகல் அந்தப் பட்டியலில் இல்லை. இலைப்பேன் கொண்டுவரும் மொட்டுக் கருகல் வைரஸும் இல்லை. ஐரோப்பாவில் முன்பே பரவியிருந்த 13_ஏ2 என்ற பின்பருவக் கருகல் வகை தென்னிந்தியத் தக்காளித் தோட்டங்களில் புகுந்து வயல்களைக் கருக்கியபோது, ரக்ஷக் வைத்தவர்கள் ‘எதிர்ப்பு ரகம் ஏமாற்றிவிட்டது’ என்றார்கள். அந்தக் கருகலை எதிர்ப்பதாக அந்த ரகம் ஒருபோதும் சொல்லவில்லை. பிறகு வந்த அர்க்கா அபேத் என்ற ஒட்டில்தான் அந்த எதிர்ப்பையும் சேர்த்தார்கள்.

ஆகவே உங்கள் வயலில் வந்தது என்ன என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ‘சுருண்டுவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் என்றால் புதிதாக வரும் இலைகள்தான் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் குவியும். கணுக்களுக்கு நடுவே இடைவெளி குறைந்து செடி புதர்போல ஆகும், பூ உதிரும். அடியிலைகள் மட்டும் தடித்து உருண்டு, நுனி பச்சையாக நன்றாக வளர்ந்தால் அது வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் செடி காட்டும் பதில், நோயே அல்ல. அதற்கு மருந்தடிப்பது வீண். இளம் இலைகள் வெண்கல நிறமாகிக் கருகி, நுனி காய்ந்து, பழத்தில் வளையம் வளையமாகக் கறை தெரிந்தால் அது இலைப்பேன் வழி வரும் வைரஸ். இலைகள் நூல் நூலாக நீண்டு முறுக்கிக்கொண்டால் பக்கத்து வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். காற்றில் வந்த சாரல் போதும். இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் இலைச்சுருள் எதிர்ப்பு ரகம் உதவும். நன்றாக இருந்த செடி பச்சையாகவே திடீரென்று தலைதொங்கினால் தண்டின் அடியைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் நூல்போல வெள்ளையாகக் கசிந்து இறங்கினால் பாக்டீரியா வாடல். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம்.

இலைச்சுருள்தான் என்றே வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் இதற்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றுக்கு ஊர்ப்பெயரையே வைத்திருக்கிறார்கள்: ‘தக்காளி இலைச்சுருள் பெங்களூர் வைரஸ்’. பெருமைப்படும் விஷயமில்லைதான். வடக்கே ‘நியூ டெல்லி’ என்ற பெயரில் இன்னொன்று இருக்கிறது. அதன் மரபுப்பொருள் இரண்டு துண்டுகளாக இருக்கும், பெங்களூர் வைரஸுக்கு ஒரே துண்டு. இந்த வேறுபாடு உங்கள் பாக்கெட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது. எதிர்ப்பு மரபணு என்பது ஒரு திருடனின் வாடையை மட்டும் பழகிய காவல் நாய் மாதிரி. அந்த வாடை வந்தால் குரைக்கும்; வேறு ஆள் வந்தால் படுத்தே கிடக்கும். டிஒய்-2 என்ற மரபணு ஒற்றைத்துண்டு வகைகள் சிலவற்றை நன்றாகத் தடுக்கும், டெல்லி வகை போன்ற இரட்டைத்துண்டு வைரஸிடம் தடுமாறும். டிஒய்-1, டிஒய்-3 எனப்படுபவை வேறு விதம். இரண்டும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்று 2013இல் தெரியவந்தது. இவை வைரஸைக் கொல்வதில்லை. அதன் பெருக்கத்தை அமுக்கி வைக்கின்றன. அந்த ரகச் செடி பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே கொஞ்சம் வைரஸ் இருக்கலாம், அதை வெள்ளை ஈ உறிஞ்சிப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகலாம். நாற்றுப் பருவத்திலேயே ஏராளமான வெள்ளை ஈ தாக்கினால் இந்த அமுக்கும் சக்தியும் தோற்கும். ‘பாதிச் செடி’ சுருண்டது என்று சொல்கிறீர்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய விதை நிறுவனங்களின் பாக்கெட்டுகளில் எச்ஆர், ஐஆர் என்று இரண்டு குறிகள் பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது உயர் எதிர்ப்பு, இரண்டாவது நடுத்தர எதிர்ப்பு. இலைச்சுருளுக்கு நேராக நீங்கள் பெரும்பாலும் ஐஆர் என்றுதான் பார்ப்பீர்கள். நோய்க்கடுமை அதிகமானால் அறிகுறி தெரியும் என்று நிறுவனமே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். கடைக்காரர் இதை வாயால் சொல்வதில்லை.

இந்த மரபணுக்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொன்னால் மாமனாரின் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். டிஒய்-1, டிஒய்-3 தென் அமெரிக்காவின் சிலி, பெரு பக்கத்துக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து வந்தவை. டிஒய்-2 இன்னொரு காட்டு இனத்திலிருந்து வந்தது. அதன் இலை ரோமமும் பிசுக்குமாக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் ‘எம்ஐ’ மரபணு மூன்றாவது காட்டு இனத்தின் கொடை. அந்த இனம் நம் தக்காளியோடு சாதாரணமாகக் கலக்காது. 1940-களில் கலிபோர்னியாவில், முதிராத கருவை வெளியே எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துத்தான் அந்தக் கலப்பைப் பிழைக்கவைத்தார்கள். இன்று உலகச் சந்தையில் உள்ள நூற்புழு எதிர்ப்புத் தக்காளிகளின் வேர் அந்த ஒரு முயற்சியில் இருக்கிறது. அதற்கும் ஒரு குறை: மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணு வேலை செய்வதை நிறுத்திவிடும். ஏப்ரல் மாதத்தில் மாலூரில் அதை நம்ப முடியாது.

காட்டுத் தக்காளியின் பழம் பட்டாணி அளவு, பச்சை, கசப்பு. அதை நல்ல தக்காளியோடு கலந்தால் எதிர்ப்பு மட்டும் வராது. கசப்பு, சிறு பழம், தாமதக் காய்ப்பு என்று வேண்டாத சொந்தங்கள் எல்லாம் கூடவே வரும். பிறந்த பிள்ளைகளில் எதிர்ப்பு உள்ளதைப் பொறுக்கி, மறுபடி நல்ல தக்காளியோடு சேர்த்து, மறுபடி பொறுக்கி, இப்படி ஆறேழு தலைமுறை போனால்தான் சந்தைக்கு வரும் பழம் கிடைக்கும். டிஒய்-1 பகுதியில் குரோமோசோமின் அமைப்பே தலைகீழாகத் திரும்பியிருப்பதால் வேண்டாத பகுதியை வெட்டிவிடுவது இன்னும் கடினமாக இருந்தது. இப்போது நாற்றின் ஒரு சிறு இலைத்துண்டை வைத்தே மரபணு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முன்பெல்லாம் நோயுற்ற செடிகளுக்கு நடுவே நட்டு, வெள்ளை ஈயை விட்டு, எது பிழைக்கிறது என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். பாக்டீரியா வாடல் இன்னும் பிடிவாதமானது. பல மரபணுக்கள் சேர்ந்து தரும் எதிர்ப்பு அது, பழம் சிறுத்துப்போகும் குணத்தோடு ஒட்டிக்கொண்டும் வரும்.

இப்போது மாமனாரின் வாதத்துக்கு வருகிறேன். அதில் ஒரு பாதியை நான் அப்படியே ஏற்கிறேன்: அவருடைய இளமைக் காலத்தில் இந்த நோய் இவ்வளவு இல்லை. ஆனால் காரணம் வீரிய ஒட்டு அல்ல. 1999இல் கோலார் மாவட்டத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக ‘பி’ வகை வெள்ளை ஈ கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர் வெள்ளை ஈயைவிட வேகமாகப் பெருகும், தக்காளியை விரும்பி உண்ணும் வகை அது. அதே காலத்தில் சொட்டுநீரும் ஆழ்துளைக் கிணறும் வந்து, ஆண்டு முழுவதும் தக்காளி நிற்கத் தொடங்கியது. ஒரு வயலில் கடைசிப் பறிப்பு நடக்கும்போது பக்கத்து வயலில் நாற்று நடுகிறார்கள். வைரஸுக்குப் பட்டினி நாளே இல்லை. நாட்டுத் தக்காளியை இன்று அதே வயலில் நட்டுப் பாருங்கள், ஒட்டைவிட முந்திச் சுருளும். வீரிய ஒட்டுக்கு முன்பும் நோய்கள் இருக்கத்தான் செய்தன. மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களை அழித்த கொளெரோகா அழுகலை ஆராயவே 1908இல் மைசூர் அரசு லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரரை வரவழைத்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை மழைக்கு முன் தெளிக்கும் முறையை அவர்தான் நம் பாக்குத் தோட்டங்களுக்குப் பொருத்திக் கொடுத்தார்.

ஆனால் ‘பழைய விதையில் எதிர்ப்பு இருந்தது’ என்று அவர் நெல்லைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் கைகூப்பி ஒப்புக்கொள்வேன். தமிழ்நாட்டின் திரூர்க்குப்பத்திலிருந்து வந்த டி.கே.எம். 6 என்ற நெல்தான் குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்தை ஐ.ஆர். 20-க்குக் கொடுத்தது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஐ.ஆர். 20 தெரியும். அதன் பெற்றோரில் ஒன்று நம் ஊர் நெல் என்பது பலருக்குத் தெரியாது. கேரளத்தின் பட்டாம்பியில் இருந்து வந்த பி.டி.பி. 33 புகையான் பூச்சியை இன்றும் எதிர்த்து நிற்கிறது. புல்குட்டை வைரஸுக்கு எதிர்ப்புத் தேடி பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான விதை மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல்லில்தான் அது கிடைத்தது. நெல்லும் கத்தரியும் வெண்டையும் நம் மண்ணோடு நீண்ட உறவுள்ளவை. அவற்றின் காட்டு உறவினர்கள் நம் வேலியோரத்திலேயே இருக்கிறார்கள். தக்காளி ஐரோப்பியரோடு கப்பலேறி வந்தது. அதன் உறவினர்கள் எல்லாம் ஆண்டிஸ் மலையில். மாலூர் நாட்டுத் தக்காளியில் சுவை உண்டு, சாறு உண்டு. இலைச்சுருள் எதிர்ப்பை அதில் தேடினால் கிடைக்காது. கேழ்வரகிலும் இப்படித்தான்: பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகமான நம் ஜி.கே.வி.கே.யில் உருவாகிக் கர்நாடகத்தில் பெரும்பரப்பைப் பிடித்த ஜி.பி.யூ. 28-க்குக் குலைநோய் எதிர்ப்பைத் தந்த பெற்றோர் ஆப்பிரிக்க வழி.

பலர் என்னிடம் கோபித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: எதிர்ப்பு ரகத்துக்கு ஆயுள் இருக்கிறது. 1973இல் வந்த ஐ.ஆர். 26 நெல்லில் புகையானுக்கு எதிராக ஒரே ஒரு மரபணு இருந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அதையே நட்டார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அதை உண்ணத் தெரிந்த புகையான் பெருகிவிட்டது. இன்னொரு மரபணுவோடு ஐ.ஆர். 36 வந்தது, 1980-களில் உலகிலேயே மிகப் பெரிய பரப்பில் நின்றது, பிறகு அதற்கும் அதே கதி. வெண்டையில் அர்க்கா அனாமிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு வெண்டை ஒன்றிலிருந்து மஞ்சள் நரம்புத் தேமல் எதிர்ப்பைக் கொண்டுவந்து ஹெசரகட்டாவில் உருவாக்கினார்கள். பல ஆண்டுகள் பச்சையாக நின்ற ரகம் இன்று பல இடங்களில் மஞ்சளாகிறது. ரகம் கெட்டுவிட்டது என்கிறார்கள். விதை அதேதான், மாறியது வைரஸ். ஒரே மரபணுவை எல்லா வயலிலும் நிறுத்தினால், அதை மீறத் தெரிந்த ஒன்றிரண்டு வைரஸுக்கோ பூச்சிக்கோ நாமே ராஜபாட்டை போட்டுக் கொடுக்கிறோம். ஒரு மரபணுவுக்குப் பதில் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அவை நீடித்து நிற்கும். சம்பா மசூரி நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிராக ஐதராபாத்தில் மூன்று மரபணுக்களை ஒன்றாகச் சேர்த்து 2008இல் வெளியிட்டது அந்த எண்ணத்தில்தான். தக்காளியில் டிஒய்-2, டிஒய்-3 இரண்டும் உள்ள ஒட்டுகள் இப்போது கிடைக்கின்றன. விதை வாங்கும்போது கேட்கத் தகுந்த கேள்வி அது. கடையில் பதில் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் வட்டாரப் பிரதிநிதியைத் தொலைபேசியில் பிடியுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து அந்த நான்கு புட்டிகள். தயவுசெய்து அவற்றின் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், அசிட்டாமிபிரிட் என்று மூன்று இருந்தால் உங்களுக்கு விற்றது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரை. வெள்ளை ஈக்கு அவற்றில் ஒன்று பழகிவிட்டால் மற்றவையும் பெரும்பாலும் பழகிவிடும். மருந்தை மாற்றி அடிக்கிறோம் என்று விவசாயி நினைக்கிறார், பெயர்தான் மாறுகிறது. நான்காவது சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு என்றால் அது இன்னும் மோசம். வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் முதலில் சாகும், வெள்ளை ஈ முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். பருத்தியில் பட்ட பாடம் இது. நான்கையும் கலந்து ஒரே தொட்டியில் ஊற்றுவதை எந்தப் பரிந்துரையும் சொல்வதில்லை. ஒன்றாகச் சேர்ந்தால் திரிந்துபோகும் மருந்துகளும் உண்டு. சுருண்ட செடியை மருந்து நிமிர்த்தாது என்பதை மாமனாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வைரஸுக்கு மருந்தே கிடையாது, அடிப்பது அதைச் சுமக்கும் ஈக்குத்தான். வைரஸை உறிஞ்சவும் இன்னொரு செடியில் செலுத்தவும் வெள்ளை ஈக்குச் சில நிமிடங்கள் போதும். பக்கத்து வயலிலிருந்து வந்து உட்கார்ந்த ஈ மருந்தால் சாவதற்குள் வேலையை முடித்துவிடும்.

அப்படியானால் எங்கே காசைப் போடுவது? நாற்றங்காலில். நட்ட முதல் மாதத்தில் தொற்றினால் செடி காய்க்காது. இரண்டு மாதம் கழித்துத் தொற்றினால் ஓரளவு காசு பார்க்கலாம். ஆக நாம் வாங்க வேண்டியது காலம். 40 முதல் 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்) கொண்ட நைலான் வலைக்குள் குழித்தட்டில் வளர்ந்த நாற்றையே வாங்குங்கள். சாதாரண நிழல்வலை போதாது, வெள்ளை ஈ அதற்குள் நடந்தே போகும். மாலூர், ஓசூர், இராயக்கோட்டைப் பக்கம் நாற்றுப் பண்ணைகள் நிறைய இருக்கின்றன. போய் வலையைக் கையால் தொட்டுப் பாருங்கள், கதவு இரட்டைக் கதவா என்று பாருங்கள். பழைய தக்காளித் தோட்டத்தை ஒட்டி நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரிடம் வாங்காதீர்கள். நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் போட்டுவிட்டால் தாழப் பறந்துவரும் ஈ அதில் தடுக்கும். நட்ட பிறகு வாரம் ஒருமுறை நடந்து, சுருண்டதைத் தயங்காமல் பிடுங்கி மூட்டையில் கட்டி வெளியே எடுத்துப் போக வேண்டும். வரப்பில் போட்டால் அதிலிருக்கும் ஈ எழுந்து அடுத்த செடிக்குப் போகும். கடைசிப் பறிப்பு முடிந்த தோட்டத்தை அப்படியே காயவிடும் பழக்கம்தான் நம் வட்டாரத்தின் பெரிய சாபம். விலை சரிந்த நாட்களில் பழத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வலி புரிகிறது. ஆனால் அந்தச் செடிகள் அடுத்த பருவத்து நோய்க்கு விதைப்பண்ணை. பக்கத்து இரண்டு வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒன்றரை மாதமாவது தக்காளியே இல்லாமல் நிலத்தை விட முடிந்தால், எந்தப் புட்டியைவிடவும் அது அதிகம் செய்யும்.

காய்ப்புழுவுக்கு ஹெசரகட்டாவில் சொல்லிக்கொடுத்த செண்டுமல்லி முறை எளிமையானது: பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி. செண்டுமல்லி நாற்று 45 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதாக இருக்கும்போது இரண்டையும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும், தாய் அந்துப்பூச்சி மல்லியைத் தேடிப் போகும். இந்த வயதுக் கணக்கை விட்டுவிட்டு ‘வரப்பில் மல்லி வைத்தேன், பயனில்லை’ என்று சொல்பவர்கள் ஏராளம். கே.ஆர். மார்க்கெட்டில் பூவும் விலைபோகும் என்பது கூடுதல் லாபம். உங்கள் வயலில் குவளைச் சோதனையில் பாக்டீரியா வாடல் தெரிந்தால் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய தக்காளி நாற்றைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவது இதே நோக்கத்தில்தான். அது மண்ணிலிருந்து வரும் நோய்க்கு மட்டும். இலைச்சுருளுக்கு இப்படி ஒட்டுக் கட்டுவது எந்த உதவியும் செய்யாது.

எல்லாப் பூச்சிக்கும் எதிர்ப்பு ரகம் வரும் என்று காத்திருக்கவும் முடியாது. 2014இல் இந்தியாவுக்குள் வந்த தென் அமெரிக்க ஊசிப்புழு இலையையும் பழத்தையும் குடைகிறது. புதிய பூச்சி வந்த பிறகு ரகம் உருவாக்கப் பத்து ஆண்டுகளாவது ஆகும், அதுவரை இனக்கவர்ச்சிப் பொறிதான் துணை. சில சமயம் அதைவிட வேகமான வழியும் கிடைக்கும். 2020இல் கேரளத்திலும் பிறகு சேலம், நாமக்கல் பக்கமும் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து குச்சிக்கிழங்குத் தோட்டங்களைச் சிதைத்தது. ஹெப்பாலில் பஸ் ஏறும்போது பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வளாகம் உண்டு, தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். அவர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குண்டூசித் தலையளவு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பாதுகாப்பாகச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். எழுபதுகளில் ஆப்பிரிக்க மரவள்ளியை அழித்த அதே பூச்சியை அங்கே அடக்கிய குளவி அது. பப்பாளி மாவுப்பூச்சிக்கும் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்தது பெங்களூர் வழியாகத்தான். இந்தக் குளவிகள் நிலைத்திருக்க வேண்டுமானால் பைரித்ராய்டு அடிக்கக் கூடாது. அந்த நான்காவது புட்டி பற்றி நான் கடுமையாகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மரபணு மாற்றுத் தக்காளி வந்தால் தீருமா என்று சிலர் கேட்பார்கள், ஆகவே ஒரு வரி. இந்தியாவில் விவசாயிகள் கைக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். கத்தரி 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவையும் பிறகு இரண்டாவதையும் மீறிவிட்டது. எதிர்ப்பு எந்த வழியில் வந்தாலும் எதிர்ப்பை மீறத் தெரியாத பூச்சிகளும் பிழைத்துக் கலக்கட்டும் என்று ஓரத்தில் எதிர்ப்பில்லாத வரிசைகளை விட்டு வைக்காத நாட்டில் அதன் ஆயுள் குறைவு.

கடைசியாக விதை. தப்பிய செடிகளிலிருந்து எடுத்து வைக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வியாபாரப் பெயர் போடாமல் விற்கவும் உரிமை தருகிறது. சிக்கல் மரபியலில் இருக்கிறது. ஒட்டு ரகத்தின் ஒரு பெற்றோரில் மட்டும் எதிர்ப்பு மரபணு இருந்திருந்தால், அதன் பழத்து விதையில் நான்கில் ஒரு செடி அந்த மரபணு இல்லாமலே பிறக்கும். அப்படி இரண்டு மரபணுக்கள் என்றால் பதினாறில் ஒன்பது செடியில்தான் இரண்டும் சேர்ந்திருக்கும். காய் அளவும் நிறமும் பழுக்கும் காலமும் செடிக்குச் செடி மாறும். வீட்டுக்குப் பரவாயில்லை, கோலார் மண்டிக்கு ஒரே அளவாகப் பெட்டி கட்ட முடியாது.

மாமனாருக்குச் சொந்த விதை வேண்டும் என்ற ஆசை இருந்தால் வீரிய ஒட்டை விட்டுவிட்டு ஒட்டு அல்லாத ரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். இலைச்சுருளைத் தாங்கும் சங்கராந்தி, நந்தி, வைபவ் என்ற மூன்று ரகங்களை 2000-களின் தொடக்கத்தில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஒட்டு அல்ல என்பதால் விதை எடுத்தால் அதே செடி வரும். விதை கிடைக்கிறதா என்று ஜி.கே.வி.கே. விற்பனை மையத்தில் கேளுங்கள். கிடைத்தால் ஒரு மூலையில் நூறு செடி மட்டும் வைத்துப் பார்க்கட்டும், இரண்டு ஏக்கரையும் அதில் போட வேண்டாம். உங்கள் வயலில் இன்று உள்ள வைரஸுக்கு அவை எவ்வளவு தாங்கும் என்பதை அந்த நூறு செடிதான் சொல்லும். அதுவரை, இப்போது நிற்கும் தோட்டத்திலிருந்து சுருண்ட நுனி ஐந்தாறும் நல்ல செடியின் நுனி ஒன்றும் பறித்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் செய்தித்தாளில் சுற்றி, அன்றைக்கே கோலார் தமகாவில் உள்ள வேளாண் அறிவியல் மையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். விதைப் பாக்கெட்டையும் ரசீதையும் கூடவே எடுத்துப்போக வேண்டும். போலி விதை என்று பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் விதையின் கொத்து எண் (லாட் நம்பர்) அதில்தான் இருக்கிறது.